அழுகிற பிள்ளைக்கு எந்தச் சத்தம்? சொந்தக் குரலா, போன் பாட்டா, சவுண்டு மிஷினா

என் தங்கை பையனுக்கு இன்றோடு 38 நாள். முந்தாநாள் ராத்திரி இரண்டேகால் மணிக்கு அவளிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. பாதி அவள் பேச்சு, பாதி பையனின் வீறல். "அக்கா, புள்ள தூங்கறதுக்குன்னு சவுண்டு மிஷின் ஒண்ணு ஆன்லைன்ல ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்குப் போட்டிருக்காங்க. வாங்கட்டுமா? இல்ல போன்லயே பாட்டுப் போட்டு வுட்டாப் போதுமா? அம்மா என்னடான்னா நீயே பாடு கண்ணுங்கறாங்க. எனக்குத் தொண்டையே வர மாட்டேங்குதுக்கா."

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளைப் பெற்று ஐந்து மாதம் பல்லடம் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். அப்போது வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்கொட்டகை ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் கோயமுத்தூர் ஃபிளாட்டில் வளர்ந்தான். நானும் வீட்டுக்காரரும் மட்டும். தங்கை கேட்ட மூன்றையும் இந்த இரண்டு பிள்ளைகளிடம் செய்து பார்த்தவள் நான். ஒரு வரியில் பதில் அனுப்ப மனசு வரவில்லை. அவளைப் போல ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் பையன் ஏன் இப்படி அழுகிறான் என்பது. பெரி பிரேசில்டன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், நல்ல ஆரோக்கியமான 80 குழந்தைகள் தினமும் எவ்வளவு நேரம் அழுகின்றன என்று தாய்மாரைக் குறித்து வைக்கச் சொல்லி 1962-இல் வெளியிட்டார். இரண்டாம் வாரத்தில் ஏறத் தொடங்கிய அழுகை ஆறாவது வாரத்தில் உச்சிக்குப் போனது. அந்த வாரத்தில் நடுத்தரக் கணக்கே நாளுக்கு 2 மணி 45 நிமிடம். அதற்கப்புறம் இறங்கி, மூன்றாம் மாத வாக்கில் பெரிதும் தணிந்துவிட்டது. அதிலும் பெரும்பாடு விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து நடுச்சாமம் வரைக்கும்தான். 38-ஆம் நாள் என்றால் என் தங்கை இப்போது அந்த மலையின் உச்சியை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். பால் பற்றவில்லை, கண்ணு பட்டுவிட்டது, நீ சாப்பிட்ட உருளைக்கிழங்குதான் காரணம் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்வார்கள். வயதுதான் பெரிய காரணம்.

ஆனால் பாட்டைத் தேடும் முன் பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு உடம்பு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் நேரே டாக்டரிடம் போக வேண்டும். பால் குடிக்க மறுப்பது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், சிறுநீர் வெகுவாகக் குறைவது, துவண்டு கிடப்பது, வழக்கத்துக்கு மாறான கீச்சுக்குரலில் ஓயாத அழுகை, இவற்றுக்கும் அப்படியே. இதெல்லாம் இல்லை, பால் குடித்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, ஏப்பம் வந்தாயிற்று, இன்னமும் அழுகிறான் என்ற இடத்தில்தான் பாட்டுக்கு வேலை.

அந்த இடத்தில் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே. இந்தச் சத்தத்தால் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறவர் இன்னும் பத்து நிமிடம் தாங்குவாரா? பிள்ளை அழுகையை நிறுத்துகிறதா என்று மட்டும் பார்த்தால் ஒவ்வொரு ராத்திரியும் தோற்றுப் போன மாதிரியே இருக்கும். ஆறாவது வாரத்து அழுகையை முழுசாக நிறுத்தும் பாட்டு கிடையாது. தாங்குகிறவருக்குக் கைகொடுக்கும் பாட்டு உண்டு.

சொந்தக் குரல்

மூத்தவள் பிறந்தபோது அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு மாதம் எங்களோடு இருந்தார். சாயங்காலம் அழுகை தொடங்கியதும் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கெண்டைக்கால் மேல் போட்டுக்கொள்வார். ஒரு கை பிள்ளையின் நெஞ்சில் இருக்கும். கால் இரண்டும் இடமும் வலமுமாக மெதுவாக அசையும். "ஏஞ்சாமி இப்படி அழுகற? அம்மிச்சி இருக்கறனல்லோ" என்று இரண்டு வார்த்தை. அப்புறம் பாட்டு. அது தாலாட்டே கிடையாது. சின்ன வயசில் கோயில் நோம்பிக்கு அடித்த கும்மிப்பாட்டு. வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கி, கைத்தட்டு விழும் இடத்தில் பிள்ளையின் நெஞ்சில் விரல் நுனியால் தட்டுவார். அடிக்கு அடி மூச்சு நீளும். வரி மறந்துபோனால் "ஆராரோ" போட்டு நிரப்பிக்கொள்வார். பிள்ளை உடனே நிறுத்திவிடாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பத்து நிமிடத்தில் தோள்பட்டை இறங்கியிருக்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. பாடும்போது மூச்சை நீளமாக விட்டுத்தான் ஆக வேண்டும். மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும். பதறி இருக்கிற உடம்பு தணியும். அணைத்திருக்கும் பிள்ளைக்கு அந்த நெஞ்சின் அதிர்வும் மூச்சின் ஏற்ற இறக்கமும் நேராகப் போய்ச் சேர்கின்றன. தாலாட்டு என்ற சொல்லிலேயே இது இருக்கிறது. தால் என்றால் நாக்கு. நாக்கை அசைத்து எழுப்பும் ஓசை அது, அர்த்தம் அதற்கப்புறம்.

பிறந்த பிள்ளைக்கு அம்மா குரல் புதிதும் அல்ல. வயிற்றிலிருந்தே கேட்டுப் பழகியது. பிறந்து மூன்று நாளுக்குள்ளேயே மற்றவர் குரலைவிட அம்மா குரலை அவை விரும்பிக் கேட்பதை 1980-இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். பேச்சைவிடப் பாட்டு நின்று பிடிக்கும் என்பதற்கும் சோதனை உண்டு. மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகள் 30 பேருக்கு, அவர்களுக்குத் தெரியாத துருக்கி மொழியில் பதிவுகள் போட்டார்கள். பாட்டுக் கேட்டவை முகம் சுளித்து அழத் தொடங்குவதற்குச் சராசரியாக ஒன்பது நிமிடம் ஆனது. பேச்சுக் கேட்டவை நாலு நிமிடம்தான் தாங்கின. ஆறு வாரப் பிள்ளையைவிடப் பெரிய பிள்ளைகள் அவை, அழத் தொடங்கும் முன்பே போட்ட பாட்டு அது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். சிணுங்கலிலேயே பாடத் தொடங்குவது நல்லது. வீறிட்ட பிறகு பாட்டு காதுக்கே போகாது.

குறையையும் சொல்ல வேண்டும். "நீயே பாடு" என்பது, ஏற்கெனவே பால் கொடுத்து, துணி அலசி, தையல் போட்ட வயிற்றோடு நிற்கிறவள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவது. தங்கைக்குத் தொண்டை வரவில்லை என்றால் வரவில்லைதான். அவளை யாரும் பாடச் சொல்லக் கூடாது. பாட்டை அங்கே இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சின்னவனுக்கு என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது. காலேஜ் படிக்கும்போது தினமும் போய் வந்த பஸ் ரூட்டைப் பாடினார். "பல்லடம்... காரணம்பேட்டை... சூலூர்... இருகூர் பிரிவு... ஒண்டிப்புதூர்... சிங்காநல்லூர்..." ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு நடை, ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. உக்கடம் வந்ததும் திரும்பப் பல்லடம். கனமான ஆம்பளைக் குரலில் ஒரே சீராக அது போகும். உள் அறையில் படுத்திருந்த நானும் சூலூர் தாண்டுவதற்குள் தூங்கிப்போன ராத்திரிகள் உண்டு. அந்த நடைக்கும் கணக்கு இருப்பதைப் பிற்பாடு படித்தேன். ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிலையத்தினர் 2022-இல் வெளியிட்டது: அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும். தூங்கியதும் உடனே கீழே போடாமல் ஐந்து முதல் எட்டு நிமிடம் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்து, பிறகு கிடத்த வேண்டும். நாங்கள் அந்தக் கடைசி எட்டு நிமிடத்தைப் பொறுக்காமல்தான் எத்தனை தடவை எழுப்பிவிட்டோம்!

போன் பாட்டு

செலவில்லை, கை ஓய்கிறது, தொண்டை வேண்டாம். நடுராத்திரிக்கு இது பெரிய உதவி. அம்மா குரல்தான் பிடித்தது என்றாலும், தெரியாத மொழித் தாலாட்டும் குழந்தையைத் தணிக்கும். ஹார்வர்டில் 144 குழந்தைகளுக்கு அவை கேட்டே இராத வெளிநாட்டுத் தாலாட்டுகளைப் போட்டுப் பார்த்தபோதும், தாலாட்டல்லாத பாட்டுகளைவிட அவற்றுக்கே இதயத் துடிப்பு அதிகம் இறங்கியது. எனவே 'மூளை வளர்ச்சி இசை' என்று தலைப்புப் போட்ட எட்டு மணி நேரப் பதிவுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. மொசார்ட் கேட்டால் புத்தி கூடும் என்ற பேச்சு 1993-இல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் பாட்டுக் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள்; குழந்தை ஒன்றுகூட இல்லை. நீலாம்பரி ராகத்தைத் தூக்கத்துக்கு உரியது என்று நம் சங்கீதக்காரர்கள் சொல்வார்கள். பிடித்திருந்தால் போடுங்கள். எனக்கு அடங்கின சுருதியில் நாதசுரம் பிடிக்கும், அதைப் போட்டேன். நாற்பதாவது தடவை கேட்கும்போதும் உங்களுக்கு எரிச்சல் வராத பாட்டு எதுவோ அதை எடுங்கள். ஒரே பாட்டைத் தினமும் அதே நேரத்துக்குப் போட்டால் பிள்ளைக்கும் அது பழகும்.

கெடுவது எங்கே என்றால், பாட்டுக்கு நடுவில் விளம்பரம் அலறும். சின்னவன் கண் சொருகும் நேரத்தில் ஒரு ரெடிமேட் கடை விளம்பரம் பாய்ந்து, மறுபடி ஒரு மணி நேரம் நடக்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து பாட்டை டவுன்லோட் செய்து, போனை ஏரோபிளேன் மோடில் வைத்துத்தான் போடுவது. இரண்டாவது, படம். ஒரு வயதுக்குள் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லிவிட்டது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு வயது வரைக்கும் வேண்டாம் என்கிறது. காதுக்கு மட்டும் பாட்டு, போன் கவிழ்ந்து கிடக்கட்டும். மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. போனைத் தொட்டிலுக்குள், பிள்ளையின் தலைமாட்டில் செருகி வைப்பது. அதைச் செய்யவே கூடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் வரும்.

இரைச்சல்: மிஷினும் தறியும்

தங்கை கேட்ட சவுண்டு மிஷின் எழுப்புவது ஃபேன் ஓடுகிற மாதிரி ஒரே சீரான இரைச்சல். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் கொட்டகையில் எட்டுத் தறி. மூத்தவள் தறி ஓடும்போது அசையாமல் தூங்குவாள். "தடக் தடக் தடக்" என்று சுவரே அதிரும், பிள்ளை பஞ்சு மாதிரி கிடக்கும். கரண்ட் போய்த் தறி நின்ற மறுநொடி கண்ணைத் திறந்து அழும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதை ஓர் அதிசயம் போலப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். மூன்றாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கப்பா தறி ஓட்டறாரே, அவருக்குக் காது எப்படிங்க கேக்குது?" என்று கேட்டார். அப்பாவிடம் கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் முப்பது வருஷம் தறி ஓட்டின எல்லாரிடமும் அப்படித்தான். நான் அந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததே இல்லை. அன்று சாயங்காலமே பிள்ளையின் தொட்டிலை மறுகோடி அறைக்கு மாற்றினோம்.

இரைச்சல் வேலை செய்யும் என்பது உண்மை. 1990-இல் லண்டனில் பிறந்து ஒரு வாரத்துக்குட்பட்ட 40 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரே சீரான இரைச்சல் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்கள். கேட்காத 20 பேரில் 5 பேர். வயிற்றுக்குள் ரத்த ஓட்டத்தின் இரைச்சலில் ஒன்பது மாதம் கிடந்த பிள்ளைக்கு நிசப்தம்தான் புதுசு.

எவ்வளவு சத்தம், எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தை அறைக்குப் பரிந்துரைத்த உச்ச அளவு 50 டெசிபல். அதாவது ஆள் பேசினால் சாதாரணமாகக் கேட்கும் அமைதி. 2014-இல் அமெரிக்காவில் விற்கும் 14 மிஷின்களை முழுச் சத்தத்தில் வைத்து அளந்தார்கள். 30 சென்டிமீட்டர் தூரத்தில் 14-மே 50-ஐத் தாண்டின. மூன்று மிஷின்கள் 85-ஐயே தாண்டின. பெரிய ஆளே எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாத சத்தம் அது. விசைத்தறிக் கொட்டகைக்குள் 90-க்கு மேலே. நம் நாட்டுச் சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் ராத்திரி இருக்க வேண்டியது 45. இதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் பெருமைப்பட்ட தூக்கம் எப்படிப்பட்டது என்று புரிந்தது.

எனவே இரைச்சல் வைப்பதானால் பிள்ளை தலையிலிருந்து குறைந்தது 200 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஏழடி தள்ளி வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். சத்தம் அளக்கும் செயலி போனுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. தோராயமாகக் காட்டினாலும் போதும். போனைப் பிள்ளையின் தலைமாட்டில் பிடித்து ஒரு தடவை பாருங்கள். பிள்ளை தூங்கியதும் நிறுத்திவிடுங்கள். விடிய விடிய வேண்டாம். அழுகையை அமுக்கச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். இவ்வளவுக்கும் ஃபேன் காற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாலே போதும். ஒரு வீட்டில் மத்தியானம் மாவாட்ட கிரைண்டரைப் போட்டதும் பிள்ளை தூங்குவதைப் பார்த்து, அரிசி போடாத நாளிலும் அடுத்த அறையில் கிரைண்டரை ஓடவிட்டார்களாம். கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதற்கு இப்படியும் ஒரு பயன்.

இரைச்சலில் என்னை உறுத்துவது இன்னொன்று. அதில் பெற்றவளுக்கு ஒன்றுமே இல்லை. தறிச் சத்தத்தில் மகள் தூங்கினாள், எனக்கு மண்டை இடித்தது. பிள்ளையை மட்டும் பார்க்கிற ஏற்பாடு அது.

தொட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் சேலைத் தொட்டிலும் பாட்டும் பிரியாதவை. ஆட்டுகிற வேகத்துக்குத்தான் பாட்டு. ஆனால் சேலை குழிந்து தாடை நெஞ்சில் முட்டினால் பச்சைப்பிள்ளைக்கு மூச்சு அடைபடும். ஆள் கூடவே இருந்து ஆட்டித் தூங்க வைத்து, தூங்கியதும் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிடுங்கள். தலையணை வேண்டாம்.

பெற்றவளுக்கு மட்டும் ஒரு பாட்டு

தங்கை கேட்காத நாலாவது வழி இது. நான் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

சின்னவனுக்கு ஏழாவது வாரம். வீட்டுக்காரர் வேலை விஷயமாக வெளியூர். பதினோரு மணியிலிருந்து ஒன்றரை வரைக்கும் நிற்காத அழுகை. காதோரம் வீறிடும் பிள்ளையின் சத்தம் 100 டெசிபலை ஒட்டி வரும். அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும் உடம்பு ஒரு கட்டத்தில் நம் சொல் கேட்காது. என் கை இறுகுவதை நானே பார்த்தேன். பயந்துபோய், பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து, இயர்போனைச் செருகி ஒரே ஒரு பாட்டுக் கேட்டேன். ஐந்து நிமிடம். அழுதேன். தண்ணீர் குடித்தேன். உள்ளே போய்த் தூக்கியபோது என் கை பழைய கையாக இருந்தது. பிள்ளை இன்னும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

"புள்ளைய அழ வுட்டுட்டுப் பாட்டுக் கேக்கறாளாம்" என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பச்சைப்பிள்ளையை ஒரு தடவை உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும், பார்வை போகலாம், உயிரே போகலாம். பாதுகாப்பான படுக்கையில் ஐந்து பத்து நிமிடம் அழுவதால் ஒன்றும் ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தைக் கடக்க ஒரு பாட்டை இப்போதே எடுத்து வையுங்கள், அந்த நேரத்தில் தேடத் தோன்றாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஒரு காதில் மட்டும் மெதுவாகப் போட்டுக்கொள்வதும் தப்பில்லை.

இதோடு சேர்ந்தது, கூடிப் பாடுவது. லண்டனில் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வில் இருந்த 134 தாய்மாரை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. பிள்ளைகளோடு வந்து பத்து வாரம் கூடிப் பாடியவர்களில், சோர்வு கடுமையாக இருந்தவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள். நம் ஊரில் வள்ளி கும்மி வகுப்புகள் சாயங்காலம் கோயில் மைதானங்களில் நடக்கின்றன. உடம்பு தேறும் வரை ஆட வேண்டாம். ஓரமாக உட்கார்ந்து பாடலாம், பிள்ளை மடியில் இருக்கட்டும், தப்பட்டைக்குப் பக்கத்தில் மட்டும் போக வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் அழுகையும் வெறுப்பும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பாட்டை நம்பிக் காத்திருக்கக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள், காசில்லை.

தங்கைக்கு அனுப்பியது

மிஷின் வாங்க வேண்டாம் என்றேன். அது தருவதை அம்மா வீட்டு ஃபேனே தரும். விளக்கு வைத்த நேரத்து அழுகைக்கு அம்மா பாடட்டும், சிணுங்கலிலேயே தொடங்கட்டும். பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும் மாப்பிள்ளை பொறுப்பு. பனியன் கம்பெனியிலிருந்து களைத்து வருகிறார்தான், இருந்தாலும் நடப்பதும் ஏதாவது ஒன்றை முணுமுணுப்பதும் அவரால் முடியும். இரண்டு மணிக்கு நீ தனியாக எழுந்தால் போன் பாட்டு, ஏழடி தள்ளி. அதுவும் முடியாத ராத்திரியில் பிள்ளையைப் பாயில் போட்டுவிட்டு எனக்குப் போன் பண்ணு, எந்த மணியாக இருந்தாலும் எடுக்கிறேன்.

அதற்கு அவள் அனுப்பிய பதில்: "அம்மிச்சி பாட்டு உங்கிட்ட இருக்காக்கா?"

இல்லை. பதிவு செய்து வைக்கத் தோன்றவே இல்லை. அம்மிச்சியால் இப்போது பல்லடம் வரைக்கும் பஸ் ஏறி வர முடியாது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்குப் போகிறேன். என் மகளும் வருகிறாள். அம்மிச்சி மடியில் ஒரு தலையணையைப் போட்டாவது அந்தக் கும்மிப்பாட்டை மெதுவான நடையில் பாடச் சொல்லி, வாசற்படியிலேயே பதிவு செய்யப் போகிறோம்.